அயுத்தயாவுல என்ன சாப்பிடறது, எங்க சாப்பிடறது? அடிக்கடி கேட்கற கேள்விகளும் பதிலும்

தாய்லாந்து டூர் பிளான் போடற சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ், எல்லாருமே அயுத்தயான்னு வந்தா எங்கிட்ட ஒரே மாதிரி கேள்விதான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். நான் நாலு தடவ போயிருக்கேன், ஒரு தடவ சுத்த சைவமான அம்மாவோட, ஒரு தடவ எதுவும் விடாம சாப்பிடற மாமாவோட. ரெண்டு பக்கமும் தெரியும்.

அயுத்தயா கோயில் பாக்கற ஊர்தானே? சாப்பாட்டுக்குன்னு தனியா டைம் ஒதுக்கணுமா?

ஒதுக்கணும், கண்டிப்பா ஒதுக்கணும். முக்கால்வாசி பேர் என்ன பண்றாங்கன்னா பேங்காக்ல இருந்து காலைல வேன்ல வந்து, மரத்து வேருக்குள்ள இருக்கற புத்தர் தலைய ஃபோட்டோ எடுத்து, இன்னும் ரெண்டு கோயில் ஓடி பாத்துட்டு, டூர்காரன் கூட்டிட்டு போற பஃபேல ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிடறாங்க. நானும் மொத தடவ அப்படித்தான் போனேன். திரும்பி வந்தப்பறம் யாராவது அங்க என்ன சாப்பிட்டன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல.

இந்த ஊர் 1350 வாக்குல உருவாகி 417 வருஷம் தலைநகரா இருந்துருக்கு. சாவ் ப்ராயா, பா சாக், லோப்புரி மூணு ஆறும் சுத்தி வர, நடுவுல தீவு மாதிரி நகரம், கடல்ல இருந்து கப்பல் ஆத்து வழியாவே உள்ள வந்து நிக்கும். 1511-ல போர்த்துக்கீசியர் வந்தாங்க, அப்பறம் ஜப்பான்காரங்க, டச்சுக்காரங்க, பாரசீக வியாபாரிங்க, சீனர்கள்னு ஆளாளுக்கு ஒரு குடியிருப்பு போட்டாங்க, நம்ம சோழமண்டலக் கரையில இருந்து துணி மூட்ட மூட்டையா இங்க வந்து இறங்கிருக்கு. 1767-ல பர்மா படை வந்து ஊரையே எரிச்சிடுச்சு. இப்ப கோயில்ல போயி நின்னா தலையில்லாத சிலையும் செங்கல்லும்தான், மிச்சத்த நாமதான் கற்பனை பண்ணிக்கணும். ஆனா சாப்பாட்டுல அந்த கற்பனை தேவையில்ல, போர்த்துக்கீசியர் கொண்டு வந்த ஸ்வீட்டும் பாரசீகக்காரங்க கொண்டு வந்த மசாலாவும் இன்னைக்கும் தட்டுல அப்படியே இருக்கு. அதனாலதான் இந்த ஊர்ல சாப்பிடாம வந்தா பாதி ஊர பாக்காம வந்த மாதிரின்னு நான் எல்லார்கிட்டயும் சண்ட போடறது. ஒரு ராத்திரியாவது தங்குங்க.

எப்படி போறது? எங்க தங்கினா சாப்பிட வசதி?

பேங்காக்ல இருந்து வடக்கால சுமார் 80 கிலோமீட்டர். ட்ரெய்ன் பெஸ்ட், தேர்ட் கிளாஸ் டிக்கெட் 20 பாட் பக்கம்தான், ஒண்ணரை ரெண்டு மணி நேரம். ஸ்டேஷன் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும், வெளிய வந்து நேரா நடந்தா படகுத்துறை, சில்லற காசு குடுத்து ரெண்டு நிமிஷத்துல தீவுக்கு வந்துடலாம். தீவுக்குள்ள, நரேசுவன் ரோடு இல்லன்னா பாங் இயன் ரோடு பக்கம் ரூம் எடுத்தா மார்க்கெட், நூடுல்ஸ் கடை எல்லாம் நடந்தே போயிடலாம். வாடகை சைக்கிள் கிடைக்கும். ஊர் ஆட்டோ ஒண்ணு இருக்கு, முன்பக்கம் தவள மூஞ்சி மாதிரி உருண்டையா இருக்கும், ஏறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க.

போட் நூடுல்ஸ் போட் நூடுல்ஸ்ங்கறாங்களே, அப்படி என்ன இருக்கு அதுல?

தாய்ல இதுக்கு பேரு குவே தியாவ் ருவா. ருவான்னா படகு. அந்தக் காலத்துல வாய்க்கால்லயும் ஆத்துலயும் சின்ன படகுல அடுப்ப வெச்சு ஒரே ஆள் துடுப்பும் போட்டு, நூடுல்ஸும் வேக வெச்சு, காசும் வாங்கி, கிண்ணமும் கழுவி வித்த சாப்பாடு. கிண்ணம் ஏன் இவ்வளவு குட்டியா இருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க, படகு ஆடறப்ப பெரிய கிண்ணத்துல சூடான சூப்ப நீட்டினா சிந்தும்ல, அதான் காரணம்னு சொல்வாங்க. இப்ப படகெல்லாம் போயி கடைக்குள்ள வந்துடுச்சு, கிண்ணம் மட்டும் பல கடைல இன்னும் அதே சைஸ்தான், ஒண்ணு 20 பாட் பக்கம் வரும். நாலு வாய்ல தீந்துடும். எங்க மாமா ஏழு கிண்ணம் அடுக்கி வெச்சாரு, அங்க அது சாதாரணம், பக்கத்து டேபிள்ல ஒல்லியா ஒரு பொண்ணு அஞ்சு முடிச்சிருந்தா.

சூப்பு கருப்பா கெட்டியா இருக்கும். பட்ட, அன்னாசிப்பூ, சித்தரத்த வகை இஞ்சி, கருப்பு சோயா சாஸ் எல்லாம் போட்டு எலும்பு வெச்சு மணிக்கணக்கா கொதிக்க விடறாங்க. வாசன நம்ம ஊர் மட்டன் பாயா பக்கம் போகும், ஆனா கொஞ்சம் இனிப்பும் ஒட்டிக்கிட்டு வரும். கடைசில ஊத்தறது ரத்தம், மாடோ பன்னியோ, உப்பு கலந்தது. கொதிக்கற சூப்புல அது கலந்தவுடனே நிறமும் கெட்டித்தன்மையும் வந்துடும், இதுக்கு நாம் தோக்னு பேரு. ரத்தம்னவுடனே முகம் சுளிக்காதீங்க, நம்ம ஊர்லயே ஞாயித்துக்கிழம ஆட்டு ரத்தப் பொரியல் பண்ற வீடு எத்தன இருக்கு. வேண்டாம்னா "மாய் சாய் லுவாட்"னு சொல்லுங்க, ரத்தம் போடாதீங்கன்னு அர்த்தம், கோச்சிக்க மாட்டாங்க.

ஆர்டர் பண்றப்ப ரெண்டு விஷயம் கேப்பாங்க. ஒண்ணு எந்த நூடுல்ஸ், சென் லெக்னா நடுத்தரமான அரிசி நூடுல்ஸ், சென் யாய் அகலம், சென் மீ நம்ம சேமியா மாதிரி மெல்லிசு, பா மீன்னா முட்ட போட்ட கோதும நூடுல்ஸ். மொத தடவன்னா சென் லெக். ரெண்டாவது எந்த கறி, அத அடுத்த கேள்வில சொல்றேன். டேபிள் மேல சக்கர, மிளகாத்தூள், மிளகா போட்ட வினிகர், மீன் சாஸ்னு நாலு டப்பா இருக்கும். தயவுசெஞ்சு மொதல்ல அப்படியே ஒரு ஸ்பூன் குடிச்சு பாருங்க, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. கூட பச்சத் துளசியும் மொளகட்டின பயறும் தட்டுல வைப்பாங்க, பன்னித் தோல் வறுவல் பாக்கெட் தனியா கிடைக்கும், அத சூப்புல நனைச்சு சாப்பிடறது அங்க பழக்கம்.

கடைன்னா வாட் ராட்சபுரானா கோயில் கிட்ட சிகுன் ரோடுல லுங் லெக் கடை ரொம்ப பேர் போனது. லுங்னா பெரியப்பா மாமா மாதிரி, லெக்னா சின்ன. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு நம்பி போகாதீங்க. கோயில் பாத்துட்டு பதினொரு மணிக்கே போயிட்டா கூட்டம் கம்மி.

நாங்க மாடு சாப்பிட மாட்டோம், பன்னியும் வேண்டாம். எப்படி சொல்றது?

நுவான்னா மாட்டுக்கறி, மூன்னா பன்னிக்கறி, காய்னா கோழி. "மாய் அவ் நுவா"ன்னா மாடு வேண்டாம். "மாய் அவ் மூ"ன்னா பன்னி வேண்டாம். போட் நூடுல்ஸ் கடைல கறி கோழின்னு மாத்திக் கேட்டாலும் சூப்பு மாடோ பன்னியோதான், அது ஒரே அண்டாவுல கொதிக்குது, அத மாத்த முடியாது. அதனால ரெண்டுமே ஆகாதுன்னா அந்த கடைய விட்டுட்டு கோழி நூடுல்ஸ் கடை தேடுங்க, குவே தியாவ் காய்னு கேட்டா காட்டுவாங்க.

இங்க ஒரு எச்சரிக்க. தமிழ்ல காய்னா காய்கறி, தாய்ல காய்னா கோழி. எங்கம்மா ஒரு கடைல "காய் காய்"னு சைகையோட சொல்ல, அந்தம்மா சந்தோஷமா தலையாட்டிட்டு கோழிக்கால எடுத்து வெச்சுட்டாங்க. காய்கறிக்கு ஃபாக்.

சுத்த சைவம், பட்டினி கெடக்கணுமா?

கெடக்க வேண்டாம், ஆனா கொஞ்சம் ஒழச்சாகணும். பிரச்சன கறி இல்ல, மீன் சாஸ். காய் வதக்கல், ஃப்ரைட் ரைஸ், பப்பாளி சாலட், எல்லாத்துலயும் கண்ணுக்கு தெரியாம ஒரு ஸ்பூன் விழும், சமைக்கறவங்களுக்கு அது உப்பு மாதிரி, அத அசைவம்னு அவங்க நினைக்கறதே இல்ல. அதனால "வெஜிடேரியன்"னு இங்கிலீஷ்ல சொன்னா பத்தாது.

சொல்ல வேண்டிய வார்த்த "ஜே". மஞ்ச கொடில செவப்பு எழுத்துல போட்டிருப்பாங்க, பாக்க 17-னு நம்பர் எழுதின மாதிரியே இருக்கும், அந்த போர்ட பாத்தா தைரியமா உள்ள போங்க. இது சீன புத்த வழக்கம், கறி மீன் முட்ட பால் எதுவும் கெடையாது, பூண்டு வெங்காயமும் கெடையாது. எங்கம்மாவுக்கு இத சொன்னப்ப அவ்வளவு நிம்மதி, விரத நாள்ல வீட்ல சமைக்கற மாதிரிதானேன்னாங்க. முட்ட பால் ஓகேன்னா "மங்சவிராட்"னு இன்னொரு வார்த்த இருக்கு. செப்டம்பர் அக்டோபர்ல ஜே திருவிழா வரும், அந்த ஒன்பது நாள் போனீங்கன்னா தெருவெல்லாம் மஞ்ச கொடிதான், சைவக்காரங்களுக்கு அதவிட நல்ல நேரம் இல்ல.

சாதாரண கடைல "மாய் சாய் நாம் ப்லா"ன்னு சொல்லுங்க, மீன் சாஸ் போடாதீங்கன்னு. அதுக்கு பதிலா சோயா சாஸ், "சீ இயூ". சிப்பி சாஸும் வேண்டாம், அது "நாம் மன் ஹோய்". இத தாய் எழுத்துல ஹோட்டல்காரங்கள விட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி பர்ஸ்ல வெச்சுக்கங்க, நாம சொல்ற உச்சரிப்புல பாதி பேருக்கு புரியாது, பேப்பர் எல்லாருக்கும் புரியும். அம்மாவோட போனப்ப அந்த ஒரு பேப்பர்தான் மூணு வேளையும் சோறு போட்டுச்சு.

அவசரத்துக்கு செவன் இலெவன்னு இருக்கற கடைல வெந்த சோறு பாக்கெட்ல கிடைக்கும், சூடு பண்ணி தருவாங்க. தயிர் கப் வாங்கறப்ப சக்கர போடாததான்னு பாத்து வாங்குங்க, முக்கால்வாசி இனிக்கும். ஊர்ல இருந்து எடுத்துட்டு போன ஊறுகாயோட ராத்திரி பத்து மணிக்கு அயுத்தயாவுல தயிர் சாதம் சாப்பிட்டோம், அம்மா முகத்துல அன்னைக்குத்தான் சிரிப்பே வந்துச்சு.

ரோட்டி சாய் மாய்னா என்ன? பஞ்சு மிட்டாய் தானே?

பாக்க பஞ்சு மிட்டாய், ஆனா செய்யற விதம் நம்ம சோன் பப்டி. சாய் மாய்னா பட்டு நூல். சக்கரப் பாக வளையமா பிடிச்சு, எண்ணெய்ல வறுத்த மாவுல பொரட்டி, இழுத்து மடிச்சு இழுத்து மடிச்சு நூலா கொண்டு வராங்க. பச்ச, மஞ்ச, ரோஸ்னு கலர் கலரா இருக்கும். ரோட்டி தனி, அது நம்ம பரோட்டா மாதிரி இல்லவே இல்ல. ரொம்ப தளர்வா பெசஞ்ச மாவ கைல உருண்டையா பிடிச்சு, சூடான கல்லு மேல ஒரு தடவ ஒத்தி எடுக்கறாங்க, கைல இருக்கற மாவு கைலயே நிக்குது, கல்லுல ஒரு மெல்லிசு தோல் மட்டும் ஒட்டுது, சில நொடில அத உரிச்சு அடுக்கறாங்க. ஒரு ஆள் ரெண்டு மூணு கல்ல ஒரே நேரத்துல பாத்துக்கறதயும் பாத்துருக்கேன். நான் அரை மணி நேரம் நின்னு வேடிக்க பாத்தேன், வெக்கமே படல.

பாக்கெட்டா விப்பாங்க, ரோட்டி ஒரு கட்டு, நூல் ஒரு பை, 40, 50 பாட் பக்கம். ரோட்டிய உள்ளங்கைல விரிச்சு, நூல கொஞ்சமா வெச்சு, சுருட்டி வாய்ல போடுங்க. நிறைய வெச்சா வெறும் இனிப்பாயிடும். ரோட்டில லேசா உப்பும் பண்டான் இல வாசனையும் இருக்கும், பண்டான்னா நம்ம ஊர்ல ரம்ப இலன்னு சொல்றாங்கல்ல அதேதான். அந்த உப்பும் இந்த இனிப்பும் சேர்றதுதான் விஷயமே.

இது அயுத்தயாவோட சொந்த சரக்கு, பெரும்பாலும் உள்ளூர் முஸ்லிம் குடும்பங்கதான் போடறாங்க. தீவோட தென்மேற்குல ஊ தோங் ரோடு மேல அயுத்தயா ஆஸ்பத்திரி எதிர்ல வரிசையா கடை கடையா இருக்கும். எந்த கடைன்னு ரொம்ப யோசிக்க வேண்டாம், கண்ணு முன்னாடி கல்லுல ரோட்டி ஒத்தி எடுத்துட்டு இருக்கற கடைல சூடா வாங்குங்க, அவ்வளவுதான் ரூல்.

ஆத்து இறால் சாப்பிடணும், ஏமாறாம எப்படி வாங்கறது?

குங் பாவ்னு பேரு, நெருப்புல சுட்ட இறால். நன்னீர்ல வளர்ற பெரிய இறால், நீல நிறத்துல நீளமா கொடுக்கு இருக்கும், பெருசுன்னா ஒரு இறாலே கால் கிலோ, அரைக்கால் கிலோன்னு நிக்கும். ரெண்டா பிளந்து கரி அடுப்புல சுட்டு தருவாங்க. சதைய விட முக்கியம் தலைல இருக்கற ஆரஞ்சு கலர் கொழுப்பு, அத ஸ்பூன்ல வழிச்சு சூடான வெள்ள சோத்துல போட்டு, எலுமிச்ச, பச்ச மிளகா, பூண்டு, கொத்தமல்லி வேர், மீன் சாஸ் போட்டு இடிச்ச புளிப்புக் காரத்த ஒரு கரண்டி ஊத்தி பெசஞ்சு சாப்பிட்டா, நண்டுக் கொழம்புல ஓட்டுக்குள்ள இருக்கறத வழிச்சு சாப்பிட்டு வளர்ந்த யாருக்கும் விளக்கம் தேவையில்ல. தலைய தூக்கி போட்டுட்டு போற டூரிஸ்ட்டுங்கள பாத்தா எனக்கு மனசே ஆறாது.

இப்ப காசு. ரேட் கிலோ கணக்கு, சைஸ் பெருசாக பெருசாக கிலோ ரேட்டும் ஏறும், 500 பாட்ல ஆரம்பிச்சு 1000, 1500னு போகும். மொத தடவ இறால் வாங்கினப்ப ஒரு ஆத்தோர கடைல மெனுவுல ரேட் போடாம "சீசன் விலை"ன்னு இருந்தத நான் கேக்காம விட்டுட்டேன், நாலு இறாலுக்கு வந்த பில்ல பாத்து எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. கடைக்காரர் ஏமாத்தல, நான்தான் கேக்கல. அதனால மூணு விஷயம்: கிலோ எவ்வளவு, கிலோவுக்கு எத்தன நிக்கும், எனக்கு எடுத்தது எவ்வளவு வெயிட். எடை போடறத கூட நின்னு பாருங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

மலிவா வேணும்னா தீவுக்கு வெளிய, ஏசியன் ஹைவே பக்கம் தலாத் க்லாங்னு மத்திய மார்க்கெட் இருக்கு, உயிரோட இருக்கற இறால கைகாட்டி எடுத்தா அங்கயே சுட்டு தருவாங்க, அயுத்தயா இறால் மார்க்கெட்னா ஆட்டோக்காரருக்கே தெரியும். உக்காந்து நிதானமா ஆத்த பாத்துட்டே சாப்பிடணும்னா ஊ தோங் ரோடுல தெற்கால சாய் தோங் ரிவர் மாதிரி ஆத்தோர ரெஸ்டாரன்ட்டுங்க இருக்கு. சாயங்காலம் அஞ்சரைக்கு போங்க, வெளிச்சம் போறதுக்குள்ள மணல் படகுங்க இழுவப் படகு பின்னாடி வரிசையா போறத பாக்கலாம்.

வேற என்ன உள்ளூர் மீன் சாப்பாடு?

ப்லா தபியன் தோம் கெம் கிடைச்சா விடாதீங்க. கெண்ட வகை மீன், முள்ளு பயங்கரம். பான அடியில கரும்ப துண்டு போட்டு, மேல மீன அடுக்கி, உப்பும் சக்கரயும் புளிப்பும் சேத்து சின்ன தீயில மணிக்கணக்கா வேக விட்டா முள்ளு மெத்துனு ஆயிடும், மீனோட சேத்தே மெல்லலாம். நம்ம ஊர்ல மீன் கொழம்பு மறுநாள் நல்லா இருக்கும்னு சொல்வோம்ல, அந்த மறுநாள் ருசி இதுல மொத நாளே இருக்கும். இதே மீன பனை ஓலைல பின்னி தொட்டில் மேல தொங்க விடறது இந்த ஊர் கைவேல, மார்க்கெட்ல விப்பாங்க. விரால் மீன உப்பு பூசி முழுசா சுட்டு தர்றதும் உண்டு, ப்லா சோன் பாவ்.

முட்ட நூல் ஸ்வீட் ஒண்ணு சொல்றாங்களே, அதுக்கு ஏதோ கதை இருக்காமே?

ஃபோய் தோங், தங்க நூல்னு அர்த்தம். வாத்து முட்ட மஞ்சக்கருவ சின்ன ஓட்ட வழியா கொதிக்கற சக்கரப் பாகுல நூலா ஊத்தி எடுக்கறது. கூடவே தோங் யிப், தோங் யோட்னு பூ மாதிரியும் துளி மாதிரியும் ரெண்டு இருக்கு. போர்த்துகல்ல இதே முட்ட நூல் ஸ்வீட் இன்னைக்கும் இருக்கு. இங்க கொண்டு வந்ததா பேர் சொல்றது மரியா குயோமார் டி பின்யாங்கற பெண்மணிய, ஜப்பான், போர்த்துக்கீசிய வம்சம் கலந்தவங்க, அயுத்தயாவுலயே பிறந்தவங்க. நாராய் ராஜா காலத்துல, அதாவது 1656ல இருந்து 1688 வரைக்கும் ஆண்டவர், அவர்கிட்ட பெரிய அதிகாரத்துல இருந்த கிரேக்கக்காரர் ஃபால்கன் இவங்க கணவர். 1688ல அரசியல் கவுந்து கணவர வெட்டிட்டாங்க, இவங்க அடிமைப்பட்டு, பின்னாடி அரண்மன சமையலறைலயே பெரிய பொறுப்புக்கு வந்தாங்க. தாவ் தோங் கீப் மான்னு தாய்ல பட்டப்பேரு. கணவர கொன்ன அரண்மனைக்கே சமைச்சு போட்ட அந்த அம்மாவ நினைச்சா அந்த ஸ்வீட்ட சும்மா வாய்ல போட்டுட்டு போக மனசு வராது.

தீவுக்கு தெற்கால ஆத்தங்கரைல போர்த்துக்கீசியர் குடியிருப்பு இருந்த இடம் இருக்கு, தோண்டி எடுத்த சர்ச் அஸ்திவாரமும் எலும்புக்கூடுகளும் பாக்கலாம். ஃபோய் தோங் வாங்க ஹுவா ரோ மார்க்கெட் போதும். முட்டன்னு ஞாபகம் வெச்சுக்கங்க, சைவக்காரங்க இடியாப்பம்னு நினைச்சு எடுத்துடாதீங்க.

மிளகாயும் வெளிநாட்டுல இருந்து வந்ததா? காரம் எவ்வளவு இருக்கும்?

ஆமா, அமெரிக்கக் கண்டத்து செடி, போர்த்துக்கீசியர் காலத்துல ஆசியாவுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி இங்கயும் காரம்னா மிளகுதான். தாய்ல அதுக்கு பேரு ப்ரிக், மிளகா வந்தப்பறம் அந்த பேர மிளகா எடுத்துக்கிச்சு, மிளகு ப்ரிக் தாய், அதாவது தாய் ப்ரிக்னு ஆயிடுச்சு. நாம மிளகுல இருந்து மிளகாய்னு பேர் வெச்சோம்ல, ரெண்டு ஊரும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு.

காரம் நம்மளுக்கு தாங்கும், ஆனா பச்சயா இடிச்ச குட்டி மிளகா சுரீர்னு ஏறும். "பெட் நிட் நோய்"னா கொஞ்சமா காரம், "மாய் பெட்"னா காரமே வேண்டாம்.

ஹலால் கிடைக்குமா?

நல்லா கிடைக்கும். 1600கள் ஆரம்பத்துல ஈரான் கோம் நகரத்துல இருந்து வந்த ஷேக் அகமதுங்கறவர் இங்க ராஜசபைலயே பெரிய பதவிக்கு வந்தாரு, முஸ்லிம் குடியிருப்பு அவ்வளவு பழசு. காவ் மோக் காய் கேளுங்க, மஞ்ச சோத்துக்குள்ள கோழிய புதைச்சு வெச்சு, மேல பொரிச்ச வெங்காயம் தூவி, புதினா போட்ட இனிப்புப் புளிப்பு சட்னியோட வரும். மோக்னாலே புதைக்கறதுதான். பிரியாணின்னு நினைச்சு போனா ஏமாறுவீங்க, வேற சாப்பாடுன்னு நினைச்சு போனா ரொம்ப பிடிக்கும். மசாமன் குழம்பும் அதே வம்சம், ஏலக்கா, பட்ட, கிராம்பு, சீரகம், உருளக்கிழங்கு, வேர்க்கடல, புளி, தேங்காப்பால். நம்ம குருமாவுக்கு அக்கா மொற. ரோட்டி சாய் மாய் கடைங்க பக்கமும், தீவுக்கு தெற்க க்லோங் தகியன் பக்கமும் தேடுங்க, பச்ச ஹலால் முத்திர வெளியவே ஒட்டிருக்கும்.

ராத்திரி எங்க போறது?

கோயில் ஊர், சீக்கிரம் அடங்கிடும், எட்டரைக்கு மேல தேடினா கஷ்டம். தினம் சாயங்காலம் பாங் இயன் ரோடு நைட் மார்க்கெட், உள்ளூர் ஆளுங்க ஆபீஸ் முடிச்சு பார்சல் வாங்கற இடம், விலை நியாயம். வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம் க்ருங்ஸ்ரீ வாக்கிங் ஸ்ட்ரீட் போடுவாங்க, நிறைய பேர் பழைய அயுத்தயா காலத்து துணி கட்டிட்டு வருவாங்க, வாழ இல தொன்னைல சாப்பாடு குடுக்கற கடையும் உண்டு.

அங்க கனோம் க்ரோக் கடைய தேடுங்க. அது அப்படியே நம்ம குழிப்பணியாரச் சட்டி! அரிசி மாவும் தேங்காப்பாலும் ஊத்தி, மேல வெங்காயத்தாள் இல்லன்னா சோளம் தூவி, அடி மொறுமொறுன்னும் நடு தளதளன்னும் எடுப்பாங்க. எங்கம்மா அந்த சட்டிய பாத்ததும் கடைக்காரம்மா பக்கத்துலயே போயி நின்னுக்கிட்டாங்க, மொழி தெரியாம ரெண்டு பேரும் பத்து நிமிஷம் சைகைலயே சமையல் பேசினாங்க. அப்பறம் பதநீர், நுங்கு, வாழப்பழ பஜ்ஜி எல்லாமே பாப்பீங்க.

அயோத்தயா ஃப்ளோட்டிங் மார்க்கெட் போலாமா?

குழந்தைங்க இருந்தா போங்க. டூரிஸ்ட்டுக்காக புதுசா கட்டினது, பழைய சந்தை இல்ல. சாப்பாட்டுக்குன்னா ஹுவா ரோ மார்க்கெட் காலைலயே போங்க, தீவோட வடகிழக்கு முனைல, ஆத்தோரமா, உள்ளூர் ஜனங்க மீன் வாங்கற இடம்.

குழந்தைங்க, பெரியவங்களுக்கு என்ன குடுக்கறது?

காய் ஜியாவ் (இந்த காய் கோழி இல்ல, முட்ட), சோத்து மேல மொறுமொறு ஆம்லெட், எந்த கடைலயும் அஞ்சு நிமிஷத்துல வரும். காலைல ஜோக்னு கொழகொழன்னு அரிசிக் கஞ்சி, இஞ்சி போட்டது. வயசானவங்களுக்கு அதவிட நல்லது இல்ல, ஆனா உள்ள பன்னி உருண்ட போடுவாங்க, முன்னாடியே சொல்லிடுங்க.

வயிறு கெட்டுப் போகுமா? தண்ணி?

குழாய் தண்ணி குடிக்காதீங்க, பாட்டில் வாங்குங்க. ஐஸ் நடுவுல ஓட்டையோட குழல் மாதிரி இருந்தா ஃபேக்டரி ஐஸ், பயப்பட வேண்டாம். எனக்கு வயிறு கெட்டது ஒரே தடவ, அதுவும் மத்தியானத்துல இருந்து திறந்தே கெடந்த பஃபே சாப்பாட்டுல. ரோட்டோரம் கண்ணு முன்னாடி கொதிக்கறது அதவிட பத்திரம்.

எந்த மாசம் போறது?

நவம்பர் கடைசில இருந்து பிப்ரவரி. செப்டம்பர், அக்டோபர்ல ஆறு ஏறும், ஆத்தோர ரெஸ்டாரன்ட் சிலது தண்ணிக்குள்ள இருக்கும், 2011ல ஊரே மூழ்கிச்சு. ஏப்ரல் வெயில் கொடும, ஆனா அப்பத்தான் மாம்பழ ஸ்டிக்கி ரைஸும் காவ் சேவும். காவ் சேன்னா மல்லிப்பூ வாசன ஏத்தின குளிர்ந்த தண்ணில சோறு, தொட்டுக்க எறா விழுது உருண்ட, இனிப்பா வதக்கின கறி. மோன் இனத்துக்காரங்ககிட்ட இருந்து வந்த சாப்பாடு. வெயிலுக்கு தண்ணிச் சோறுன்னா நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஊருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?

ரோட்டி சாய் மாய்தான், ஆனா திரும்பற அன்னைக்கு காலைல வாங்குங்க, ரோட்டி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. நூல் காத்து பட்டா கட்டியாயிடும், பைய நல்லா இறுக்கி கட்டச் சொல்லி, சூட்கேஸ்ல அடில வைக்காம கைப்பைல மேல வெச்சு கொண்டு வாங்க. வீட்டுக்கு வந்ததும் ரோட்டிய தோசக்கல்லுல பத்து நொடி காட்டி எடுங்க, ஆஸ்பத்திரி எதிர்ல நின்னு சாப்பிட்ட அந்த உப்பு வாசன திரும்ப வந்துடும்.